எழுதித் தாங்கோ

“என்ரை பெயரைப் போட்டு எழுதித் தாங்கோ அங்கிள்.”

பியற்றிஸ் இதைச் சொன்னபோது கோயில் கொமிற்றி மேசையைச் சுற்றியிருந்த ஏழு ஆண்களும் தேநீர்க் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். அந்தத் தேநீரைப் போட்டவளும் அவள்தான். வீட்டிலிருந்து புறப்படும்போதே அம்மா எச்சரித்து அனுப்பியிருந்தாள்: “செபமாலைமுத்து அங்கிளிட்டை என்னத்தை வேணுமெண்டாலும் கேள். எழுத்திலை மட்டும் கேட்டுப்போடாதை. உங்களை நம்பேல்லை எண்டு மூஞ்சைக்கு நேரை சொல்லுற மாதிரி. எண்பத்தஞ்சிலை ஹீத்ரோ எயர்ப்போட்டுக்கு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போன மனுசன்.”

அந்த ஹீத்ரோ எட்டு வருடமாக அந்த வீட்டில் இன்னொரு ஆளைப் போலக் குடியிருந்தது. பியற்றிஸுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் உள்ள அந்தக் கத்தோலிக்கச் செங்கல் கோயிலில் மாதத்துக்கு ஒரு தமிழ்ப் பூசை. இயேசு பிறப்பின் நத்தார்ப் பூசையும் பிள்ளைகளின் ஆட்டமும் டிசம்பர் பத்தொன்பது, ஞாயிறு மாலை மூன்றரைக்கு. அதே நாள் பகல் ஒரு மணியிலிருந்து இரவு ஏழு மணி வரை, நிலத்துக்கடியில் கேபிள் மாற்றுவதற்காகத் தெரு முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் என்று கடிதம் வந்துவிட்டது. பங்குத்தந்தை கெவின் ஐரிஷ்காரர், சுற்றி வளைக்காமல் சொன்னார்: வெளிச்சம், சூடு, வெளியேறும் வழி மூன்றுக்கும் ஓர் ஆளைப் பொறுப்பாகக் கொமிற்றி எழுதித் தந்தால் கோயில் திறக்கும். திங்களுக்குள் அந்தப் பெயர் வராவிட்டால் பூட்டு.

“கரண்ட் இல்லாட்டி என்ன, நாங்கள் காணாததோ?” என்றார் பொருளாளர் சூசைப்பிள்ளை. “ஊரிலை மூண்டு வருசமாச் சனம் கரண்ட் இல்லாமல்தானே இருக்குது.”

“ஊரிலை டிசம்பரிலை ரெண்டு டிகிரியே அங்கிள்?”

“உது காஸ் ஹீற்றிங் பிள்ளை. காஸுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?”

தலைவர் செபமாலைமுத்து கையை உயர்த்திச் சமாதானம் செய்தார். “பிள்ளை, நீ எல்லாத்தையும் செய். ஆர் வேண்டாம் எண்டது? கடிதத்திலை மட்டும் வழமைபோலை என்ரை பெயரைப் போடுவம். அதுதான் ஒரு மரியாதை.”

அங்கேதான் அவளுக்கு எரிந்தது. குருநகர் இறங்குதுறையில் மூட்டை சுமந்தவரின் மகள். அப்பா இப்போது பேக்கரியில் பாண் சுடுகிறார். அந்தப் பரம்பரையில் பட்டம் என்ற சொல்லுக்கு அதுவரை காற்றில் ஏற்றுவது என்ற ஒரே பொருள்தான் இருந்தது. கட்டடங்களுக்குச் சூடும் வெளிச்சமும் கொடுக்கும் பொறியியலைப் படித்து முடித்து, முப்பத்தொரு விண்ணப்பம் போட்டு, முப்பது ‘வருந்துகிறோம்’ வாங்கியிருந்தாள். முப்பத்தோராவது லீட்ஸில் உள்ள ஒரு கம்பனி. இருபத்தோராம் திகதி, செவ்வாய், நேர்முகம். நீங்களே தனியாகப் பொறுப்பேற்றுச் செய்த ஒரு கட்டட வேலைக்கு ஆதாரம் கொண்டுவாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். அவளிடம் இருந்த ஆதாரம், பட்டமளிப்புப் படம் ஒன்று.

“அப்ப எழுதித் தரமாட்டியள்?”

“பாப்பம்,” என்றார் தலைவர்.

பாப்பம் என்றால் மாட்டோம். பியற்றிஸ் எழுந்து, விளக்கு, ஹீற்றர் கணக்கெடுக்க என்று ஃபாதர் கெவின் கொடுத்திருந்த சாவியுடன் நடைபாதை அலுமாரிக்குப் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள்.

மாலை ஐந்து மணி. வெளியே எப்போதோ இருட்டிவிட்டது. உள்ளே விளக்கு போனது, பிறகு சுவரோர ஹீற்றர்களின் இரைச்சலும் போனது.

“என்ன பியூஸோ?”

“இல்லை அங்கிள், நான். காஸ் ஹீற்றிங் தானே, இருங்கோ. கூட்டத்தை நடத்துங்கோ.”

அவள் ரோச் லைற்றை மேசையில் நிறுத்தி வைத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தாள். பத்து நிமிடத்தில் ஒருவர் கோட்டைத் தேடினார். பதினைந்தில் சூசைப்பிள்ளை ரேடியேற்றரைத் தொட்டுப் பார்த்தார்.

“என்னடாப்பா, இது செத்துப்போச்சு.”

“தண்ணியைச் சூடாக்கிறது காஸ். அதைச் சுத்தவிடுற பம்ப், காத்தை ஊதுற ஃபான், பொயிலரிலை தீயைப் பத்தவைக்கிற பெட்டி, எல்லாம் கரண்ட். இண்டைக்கு நாங்கள் எட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர், அதிலை நாப்பது குஞ்சுகுருமான், வெள்ளைச் சட்டையும் இறக்கையுமாச் சம்மனசு வேசம்.”

“போடன் பிள்ளை, கால் விறைக்குது.”

“எழுதினால் போடுறன்.”

இருபத்தைந்தாவது நிமிடத்தில் தலைவர் பேனையை எடுத்தார். இலங்கையில் கச்சேரி என்ற அரச பணிமனையில் கிளாக்காக இருந்தவர், பழைய கச்சேரி இங்கிலீஷில் எழுதினார்: பத்தொன்பதாம் திகதி கோயிலின் வெளிச்சம், சூடு, வாசல்வழி அனைத்துக்கும் செல்வி பியற்றிஸ் மட்டுமே பொறுப்பு. எது பிழைத்தாலும் கொமிற்றி பொறுப்பல்ல. மட்டுமே என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு இழுத்தார், பேப்பர் கிழியுமளவுக்கு.

“இனி ஏதும் நடந்தால் உன்ரை தலையிலைதான்,” என்றார்.

“அதுதான் எனக்கும் வேணும்,” என்று அவள் சுவிட்சைப் போடப் போனாள்.

அந்த வாரம் அவள் கோயிலிலேயே கிடந்தாள். மண்ணெண்ணெய் ஹீற்றருக்கு ஃபாதர் கெவின் தலையசைக்கவில்லை. சரி, சுவரே ஹீற்றர் என்று முடிவு செய்தாள். வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு ஒரு மணி வரை பொயிலரை நிறுத்தாமல் ஓடவிட்டால், அந்தத் தடித்த செங்கல் சூட்டைக் குடித்து வைத்துக்கொள்ளும். மாடத்துக்குப் போகும் கதவை அடைத்து, பெரிய வாசலுக்கு உள்ளே போர்வைகளைத் திரையாகத் தொங்கவிட்டாள். படி விளிம்பெல்லாம் வெள்ளை ஒட்டுநாடா ஒட்டினாள். வெளியேறும் கதவுகளுக்கு மேலே பற்றரி விளக்கு. வீடு வீடாக ரெலிபோனில் கட்டளை போனது: எல்லாரும் காலுக்கு இரண்டு சொக்ஸ்.

மற்ற வெளிச்சத்துக்கு வழி சொன்னது இம்மாகுலேற். மே மாதம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், முப்பது வயது. கொமிற்றியில் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை.

“ஜாம் போத்தல் சேர்க்கச் சொல்லும். அடியிலை மணல் போட்டு மெழுகுதிரியை நட்டால் சரிஞ்சாலும் பயமில்லை. பிள்ளையளின்ரை கைக்கு எட்டாமல் யன்னல்கட்டிலை வையும்.”

“எத்தினை வேணும் அக்கா?”

“இங்கை எல்லாரும் பாணுக்கு ஜாம்தானே தின்னுறியள். நூறு வரும்.”

நூற்று நாற்பது வந்தது.

ஞாயிறு ஒரு மணிக்கு மின்சாரம் சொன்னபடியே போனது. தூணில் தொங்கிய வெப்பமானி இருபத்திரண்டு காட்டியது. இனி அந்தச் சூட்டைத் திருடக்கூடியது ஒன்றே ஒன்று: கதவு. தமிழ்ப் பூசைக்குச் சனம் கடைசிப் பாட்டு வரை வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொருவருக்கும் கதவு ஒருமுறை திறக்கும். இதற்கும் அவள் ஆள் பார்த்திருந்தாள்.

“அங்கிள், நீங்கள் கதவடியிலை.”

“நானோ? முன் வரிசை...”

“பொறுப்பு எனக்கு மட்டுமே. ரெண்டு கோடு போட்டிருக்கிறியள்.”

செபமாலைமுத்து கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கதவடியில் நின்றார். மூன்று இருபதுக்குக் கோயில் நிறைந்துவிட்டது. தலைவரே கதவில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தால் யார் பிந்தி வருவார்கள்? பிந்திய இரண்டு குடும்பங்கள் அவர் முகத்தைப் பார்த்ததும் காரணம் சொல்லாமல் தலை குனிந்து நுழைந்தன. “கெதியா உள்ளை வாங்கோ, சூடு போகுது,” என்று அவர் அதட்டியதில், மைக் இல்லாத குறையே தெரியவில்லை.

பூசை நன்றாகப் போனது. யன்னல்கட்டெல்லாம் போத்தல் வெளிச்சம். இருநூறு பேர், ஆளுக்கு நூறு வாற்ஸ் சூடு என்று பியற்றிஸ் மனதுக்குள் கணக்குப் போட்டாள். வெப்பமானி பத்தொன்பதில் பிடிவாதமாக நின்றது.

பிறகு பிள்ளைகளின் ஆட்டம். நாற்பது சம்மனசுகளும் வரிசையில் நின்றன. சூசைப்பிள்ளை பாட்டுப் போடும் கசற் பெட்டியின் முதுகைத் திறந்தார், கையில் இருந்த பற்றரிகளைப் பார்த்தார், திரும்பவும் பெட்டியைப் பார்த்தார். பெட்டிக்கு வேண்டியது எட்டுத் தடித்த பற்றரி. அவர் கொண்டுவந்தவை விரல் அளவு.

“ரெண்டும் பற்றரிதானே எண்டு நினைச்சன்,” என்றார்.

பியற்றிஸ் பெட்டியை வாங்கிப் பார்த்தாள். வெளிச்சம், சூடு, வாசல்வழி என்றுதான் பேப்பரில் இருந்தது, ஆனால் ஆட்டம் நின்றால் யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும். ஞாயிறு, தெருக் கடை எல்லாம் இருட்டு.

இம்மாகுலேற் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். “ஃபாதரின்ரை சைக்கிளிலை டைனமோ இருக்குது. கொண்டுவாரும்.”

“அக்கா, டைனமோ ஏசி. பெட்டிக்கு டீசி வேணும். எரிஞ்சுபோம்.”

“படிச்ச பிள்ளை சரியாத்தான் சொல்லுது,” என்று இம்மாகுலேற் தன் பேர்ஸைத் திறந்தாள். செபமாலைக்கும் பஸ் பாஸுக்கும் நடுவிலிருந்து இரண்டு வயர் நீட்டிய, ஏசியை டீசியாக்கும் மிளகளவு டயோட் ஒன்றை எடுத்தாள். “ஊரிலை சைக்கிள் டைனமோவிலைதானே ரேடியோ கேட்டனாங்கள், இது தங்கப் பவுண் மாதிரி. இங்கை வந்தும் எறிய மனம் வரேல்லை.”

வயரைப் பியற்றிஸ் பொருத்தினாள். சைக்கிள் பீடத்தின் ஓரத்தில் தலைகீழாக நின்றது. இம்மாகுலேற் பெடலைக் கையால் சுழற்றினாள், பாட்டு வந்தது. அவள் கை மாற்றும்போது பாட்டு இழுபட்டது, நாற்பது சம்மனசுகளும் தூக்கத்தில் பறப்பதுபோல மெதுவாயின. அவள் உசாராகிச் சுழற்ற, பாட்டும் ஓட, இறக்கைகள் ஒன்றோடொன்று மோதின. சனம் சிரித்ததில் கண்ணீர் வந்தது. ஃபாதர் கெவின் பூசை உடுப்பின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கடைசிப் பாட்டுக்குத் தானே பெடலைப் பிடித்தார்.

எல்லாம் முடிந்து பற்றிஸ் பலகாரத் தட்டு சுற்றி வரும்போது, செபமாலைமுத்து கதவடியிலிருந்து நன்றியுரை சொன்னார். கொமிற்றிக்கு நன்றி, மின்சாரக் கம்பனிக்கும் நன்றி, ஒத்துழைத்த இளம்பிள்ளைகளுக்கும் நன்றி. பெயர் ஒன்றும் இல்லை. பியற்றிஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு அவரிடம் போனாள்.

“திறமாய் நடந்தது பிள்ளை,” என்றார் அவர், உண்மையான சந்தோஷத்தோடு. “அந்தக் கடுதாசித் துண்டைத் தா, கிழிச்சுப்போடுவம். பகிடிக்கு எழுதினதுதானே. தையிலை இருந்து உன்னை உதவிச் செயலாளராப் போடுறம். குறிப்பு எழுதலாம், தேத்தண்ணி ஒழுங்கைப் பாக்கலாம்.”

“ஒறிஜினல் ஃபாதரிட்டை அங்கிள். என்னட்டை இருக்கிறது கொப்பி. இப்பதான் அவர் அதின்ரை அடியிலை எழுதிக் கையெழுத்தும் வைச்சிட்டார்.”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். அவருடைய இரண்டு கோட்டுக்குக் கீழே ஃபாதர் கெவின் எழுதியிருந்தார்: இவர் மட்டுமே பொறுப்பாக இருந்தார், ஒன்றும் பிழைக்கவில்லை, எனக்குக் குளிரவும் இல்லை.

“இது எங்கை போகுது?”

“லீட்ஸுக்கு. செவ்வாய்க்கிழமை இன்ரவியூ.”

“லீட்ஸிலை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

பின்னால் நின்ற அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். “அப்பாட்டைச் சொன்னனியே?”

“நாளைக்குச் சொல்லுறன். பஸ்ஸுக்கு ரிக்கெற் எடுத்திட்டன் அம்மா. வேலை தந்தால் அங்கைதான் இருப்பன்.”

அம்மா தலைவரைப் பார்த்தாள், தூணில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்தாள். ஹீத்ரோவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

“அங்கை இதைவிடக் குளிராம்,” என்றாள் கடைசியில். “ரெண்டு சொக்ஸ் போடு.”

பியற்றிஸ் அலுமாரிச் சாவியை இம்மாகுலேற்றின் கையில் வைத்தாள். பேப்பரை வாங்கி மடித்துக் கோட்டின் உட்பையில் போட்டாள், போர்வைத் திரையை விலக்கினாள். செபமாலைமுத்து, பழக்கதோஷத்தில், அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

“போறதெண்டால் கெதியாப் போ பிள்ளை,” என்றார். “சூடு போகுது.”

அவள் போனாள்.