காங்கோவுக்கு நல்லுசாமி சொன்ன பதில்

அய்யலூர்ச் சந்தையில் அந்த வருஷம் காங்கோவைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன்கூடக் காங்கோவில் என்ன ஆச்சு என்றுதான் கேட்டான். அங்கே நாட்டைப் பிளக்கக் கிளம்பிய ஒரு கலகக் கூட்டம், அதற்குக் கூலிக்கு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள், எதிரே ஐ.நா. சபைக்காக நம் பட்டாளம். அது காவலோடு நிற்பதா, உள்ளே புகுந்து கூட்டத்தை நொறுக்குவதா என்பதுதான் வழக்கு. அதில் ஆட்டுத் தரகர் நல்லுசாமியின் பேச்சுக்குத் தனி மதிப்பு. அவருடைய ஒரே மகன் தங்கமுத்து அங்கே பட்டாள லாரி ஓட்டினான்.

"பாம்ப அடிச்சா தலையில அடிக்கணும். வாலத் தட்டிட்டு நின்னா நம்ம பயலுகளத்தேன் கொத்தும்" என்பார். மகனைக் கொடுத்தவர் சொல்கிறாரே, எவன் மறுப்பான்?

மறுத்தவர் திண்டுக்கல் தோல் வியாபாரி ஜெகபர் அலி ஒருவர்தான். "அடுத்த வீட்டுச் சண்டைக்குக் காவல் நிக்கலாம் மாப்ளே, கத்தி தூக்கக்கூடாது. உள்ள போனா வெளிய வாரது நம்ம கையில இல்ல."

திண்டுக்கல்லில் கூட்டம் போட்டார்கள். எம்.பி. வந்து ஊர் நினைப்பை டெல்லிக்கு எடுத்துப் போவாராம். பேசுகிறவர் பட்டியலில் நல்லுசாமி பெயர். கூட்டத்துக்கு முன் ஜெகபர் அலி அவரை ஓரமாக அழைத்துப் போய்த் தோள் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டார். சந்தையில் ஆட்டு விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்கடியில் பிடித்த விரல்தான் விலை. அதைப் பிறகு இருவருமே வெளியே சொல்லக்கூடாது.

"வாயால சொல்லாத. காவல்னா ஒத்த வெரலு, அடினா முழுக்கை. உள்ளத உள்ளபடி பிடி."

நல்லுசாமி சிரித்துக்கொண்டேதான் துண்டுக்குள் கையை விட்டார். உள்ளே போன பாவிக் கை முழுக்கையைத் தேடவே இல்லை. திருவிழாவில் தொலைந்துபோகப் பயந்த பிள்ளை மாதிரி பாயின் ஒற்றை விரலைப் பிடித்து இறுக்கியது.

"அப்ப அதையே மேடையில சொல்லு" என்றார் ஜெகபர் அலி.

"கோழைனு காறித் துப்புவாய்ங்க பாய். எம்மகனையும் சேத்து."

மேடையில் மாலை விழுந்தது. கீழே பூராவும் சந்தை முகங்கள். மாலை விழுந்த கழுத்திலிருந்து வேறென்ன வரும்? "உள்ள போங்க, ஒருத்தனையும் விடாதீக" என்று முழங்கிவிட்டு இறங்கினார் மனுஷன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முன்வரிசையில் ஜெகபர் அலி மட்டும் தட்டவில்லை.

மார்கழிக்குள் பட்டாளம் உள்ளே புகுந்தது. ரேடியோவில் கேட்டுவிட்டுச் சந்தையில் மிட்டாய் கொடுத்தார்கள். டெல்லிக்காரன் இவர் பேச்சைக் கேட்டா படை நடத்துகிறான்? ஆனாலும் எல்லாரும் இவர் முதுகைத்தான் தட்டினார்கள். பொங்கலுக்கு முன்னால் தந்தி வந்தது. தங்கமுத்து லாரியோடு எரிந்துபோனான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

துக்கத்துக்கு வந்த ஒரு தரகர், நல்லுசாமியின் மனைவி கருப்பம்மாளுக்கு ஆறுதல் சொன்னார். "அண்ணன் மேடையில சொன்னபடியே உள்ள புகுந்து அடிச்சுட்டாக ஆத்தா. பிள்ள உசுரு வீண்போகல."

கருப்பம்மாளின் அழுகை நின்றது. கணவருக்கு மாலை போட்டது அவளுக்குத் தெரியும். என்ன பேசினார் என்பது தெரியாது.

"காவலுக்குத்தேன் நிப்பான், பயப்படாதன்னு எங்கிட்ட சொன்னீக. மேடையில போயி உள்ள போகவா சொன்னீக?"

ஜெகபர் அலிக்குப் பொறுக்கவில்லை. "தங்கச்சி, மாப்ளே மனசுல என்ன இருந்துச்சுன்னா..."

"விடு பாய்" என்று நல்லுசாமி தடுத்தார். பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "ஆமா. நாந்தேன் போகச் சொன்னேன்."

அதற்குப் பிறகும் அவள் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். அவரோடு பேசத்தான் இல்லை.