ருசி கண்ட கண்

முதல் கரண்டி சூப் வாய்க்குள் போனதுமே அவளுடைய வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த கணவர் தன் கரண்டியைக் கீழே வைத்தார். மிளகாய்தான் காரணம் என்று நினைத்துக் குறைத்துப் பார்த்தார். வெங்காயமோ என்று அதையும் விட்டுப் பார்த்தார். இன்று இரண்டுமே இல்லை. என்னவென்று கேட்டால், ஒன்றுமில்லை என்பாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள்.

அவர் தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுகிற மனுஷன், வீட்டில் வெந்நீர்கூட வைத்ததில்லை. அடுப்படி அவள் ராஜ்ஜியம். போன வருஷம் ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது அவள் வாயில் தண்ணீர் நிற்கவில்லை. முகத்தின் வலது பாதி தொங்கிவிட்டது. முக நரம்பு வீங்கியிருக்கிறது, மெல்லத்தான் சரியாகும் என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு அடுப்படிக்குள் நுழைந்தவர்தான். எல்லாவற்றையும் மசித்து ஊட்டினார், கடைவாயில் ஒழுகியதைத் துடைத்தார், தூங்கப்போகுமுன் மூடாத இமையை இழுத்து டேப் ஒட்டினார். மாதங்கள் போகப்போகப் புருவம் ஏறியது, உதடு நேரானது. அப்பாடா என்று மூச்சுவிட்ட நேரத்தில்தான் இந்தக் கண்ணீர். முகத்தை நினைத்து அழுகிறாளா, இல்லை இந்த மனுஷன் கையால் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று அழுகிறாளா?

கடைசியில் டாக்டரம்மாவிடமே கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் அவள் வாயைத் திறந்தாள்.

“மனசுல ஒரு வருத்தமும் இல்ல டாக்டர். வாயில சாப்பாடு பட்டாலே கண்ணு ஊத்துது. சொன்னா பயந்துடுவாருன்னு சொல்லல.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். முகத்தை அசைக்கிற நரம்போடு கூடவே எச்சிலுக்கும் கண்ணீருக்கும் மெல்லிய இழைகள் வருகின்றனவாம். பழுதானவை திரும்ப வளரும்போது, எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டிய இழை வழிதவறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டதாம். வாய் ஊற வேண்டிய நேரத்தில் கண் ஊறுகிறது, அவ்வளவுதான். தொந்தரவாக இருந்தால் ஊசி இருக்கிறது என்றார்.

“அப்ப... சமையல் நல்லா இருந்தா?” என்று இழுத்தார் கணவர்.

“நல்லாவே ஊத்தும்” என்றார் டாக்டரம்மா.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெண்ணெயும் காளானும் போட்டு சூப் வைத்தார். அவள் மேஜையிலேயே, அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். முதல் கரண்டிக்கே வலது கண் நிறைந்தது. பரீட்சையில் தேறிய பையன் மாதிரி அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊசி வேண்டாம் என்றாள் அவள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

“என் மூஞ்சி கோணிக் கெடந்தப்ப எனக்கே கண்ணாடி பாக்கப் பிடிக்கல. நீங்க ஒரு வேளைகூட மூஞ்சியத் திருப்பிக்கலையேங்க.”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பழக்கதோஷத்தில் அவளுடைய வலது கண்ணுக்குக் கொண்டுபோனார். பாதியில் கை நின்றுவிட்டது. அவளுடைய இடது கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது.