ஷ்டிங்கன், ஷ்டாங்க், கெஷ்டுங்கன்

மாமனாருக்கு முதுகில் படுக்கைப்புண் வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் மூக்கே இல்லை. அப்படித்தான் எல்லாரும் நடித்தார்கள். பெற்ற மகன், அதாவது மருமகளின் கணவன், அறை வாசலில் நின்று ரோஜா ஸ்ப்ரேயைப் புஸ் புஸ்ஸென்று அடிப்பான். "என்னப்பா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதில் வருமுன் ஓடிவிடுவான். நாத்தனார் வந்தால் ஜலதோஷம் என்று சொல்லி, கைக்குட்டையை மூக்கை விட்டு எடுக்கவே மாட்டாள். அந்த மகராசிக்கு இந்த வீட்டுப் படியேறும்போது மட்டும் வரும் ஜலதோஷம் அது.

புண்ணைத் துடைப்பது, கட்டு மாற்றுவது, மலப் பேசினைக் கழுவுவது எல்லாம் மருமகள் தலையில். சீழும் மருந்தும் ரோஜாவும் கலந்த அந்த வாடை அவளை விட்டுப் போகவே இல்லை. எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு, தட்டில் கை வைத்தால் கூடவே வந்தது. அருவருப்பென்றால் அப்படியோர் அருவருப்பு. ஆனால் அது மாமாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது. மருமகளுக்குச் சிரமம் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்ட மனிதர் அவர். தெரிந்தால் சோற்றையும் தள்ளிவிடுவார்.

அலுவலகத்தில் அவளை ஜெர்மன் படிக்க அனுப்பியிருந்தார்கள். அந்த வாரம் 'வலிய வினைகள்' என்கிற இலக்கணப் பாடம். சாதுவான வினைகள் இறந்தகாலத்துக்கு வாலில் எதையாவது ஒட்டிக்கொண்டு போய்விடும். இந்த முரடுகள் வயிற்றுக்குள்ளேயே உயிரெழுத்தை மாற்றிக்கொள்ளும். ஷ்டிங்கன், ஷ்டாங்க், கெஷ்டுங்கன். நாறுவது, நாறியது, நாறியிருக்கிறது. அவளுக்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தது.

அன்று மாலையே புண்ணைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொன்னாள். "எஸ் ஷ்டிங்க்ட். எஸ் ஷ்டாங்க். எஸ் ஹாட் கெஷ்டுங்கன்." குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில் சொன்னாள், வாயாரத் திட்டிய சுகம் கிடைத்தது. கணவன் ஸ்ப்ரேயோடு எட்டிப் பார்த்தபோது, "எஸ் ஷ்டிங்க்ட் மியர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு நாறுகிறது என்றால், எனக்கு அலுத்துவிட்டது என்று அர்த்தம். அவன் பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போனான்.

மாமாவுக்குப் பாம்புக் காது. "என்னம்மா அது, பாட்டா?"

"பாடம், மாமா."

"என்ன அர்த்தம்?"

அவள் புதுப் பஞ்சை மருந்தில் தோய்த்தாள். "'எஸ்'னா அது. 'ஷ்டிங்க்ட்'னா வாசனை வீசுறது, மாமா. பூவுக்குக் கூட இதைத்தான் சொல்வாங்களாம்."

முழுப் பொய்யும் இல்லை. ஆதியில் அந்தச் சொல்லுக்கு மோதுவது, இடிப்பது என்று பொருள் இருந்திருக்கலாம் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். வாடை 'அடிக்கிறது' என்று நாம் சொல்வதில்லையா, அந்தக் கதைதான். அப்புறம் நல்ல மணம், கெட்ட மணம் இரண்டுக்கும் பொதுவாக இருந்து, கடைசியில் கெட்டதோடு ஒட்டிக்கொண்டது. நம்முடைய நாற்றமும் ஒரு காலத்தில் நறுமணமாக வாழ்ந்து சீரழிந்ததுதானே. அந்தச் சீரழிவை மட்டும் அவள் மாமாவிடம் சொல்லவில்லை.

அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மகள் வந்தபோது, "உன் சென்ட்டு நல்லா ஷ்டிங்க்ட்" என்றார். நாத்தனாருக்கு ஒரே பெருமை, படுக்கையில் கிடக்கிற அப்பா ஜெர்மன் பேசுகிறார் என்று ஊரெல்லாம் சொன்னாள். பெரியவர் ஒரு வாய் கூடுதலாகவே சாப்பிட்டார். பொய் பலித்துவிட்டது என்று மருமகளுக்கு நிம்மதி.

ஒரு நாள் கட்டைப் பிரித்தபோது சதை துணியோடு வந்தது. உள்ளே பச்சையும் மஞ்சளுமாக ஏதோ கசிந்தது. அவள் அவசரமாகப் பாடத்தைத் தொடங்கினாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் குறுக்கிட்டார்.

"எப்பவும் 'அது'ன்னே சொல்றியேம்மா. 'நான்'னு சொல்லணும்னா எப்படி?"

"இஷ் ஷ்டிங்க, மாமா."

"இஷ் ஷ்டிங்க," என்றார் அவர், ஒரு பிசகும் இல்லாமல். பிறகு மெல்லத் தலையைத் திருப்பினார். "வாசனைன்னா, ஏம்மா மூச்சைப் புடிச்சுக்கிட்டே சொல்ற?"

அவள் வாயைத் திறந்தாள். நெஞ்சில் காற்றே இல்லை. இல்லை என்று சொல்வதற்குக்கூட மூச்சை உள்ளே இழுத்தாக வேண்டும். இழுத்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.