ஆற்றுப் பயணத்துக்கு ஒரு லேப்டாப்

புது லேப்டாப்பை நம்பிக் கொடுத்துத் தயார்செய்து வாங்க, அசுன்சியோன் நகரம் முழுக்க சுனில்டாவுக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். அந்த ஆளைத்தான் அவள் ஆறு வருஷத்துக்கு முன்னால் விவாகரத்து செய்திருந்தாள்.

எலாதியோவின் கடை சந்தைக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் படியில் காத்திருக்க வேண்டிய அளவுக்குத்தான் இடம். அவன் ஒரு கையில் தெரெரே என்கிற குளிர்ந்த இலைப் பானம் வைத்த கொம்புக் குவளையும் மறு கையில் திருப்புளியுமாக உட்கார்ந்திருந்தான். அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்ததும், அதைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தான்.

"இது என்ன, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சிலேட்டா?"

"ஒரு கிலோகூட இல்ல. அதுக்காகத்தான் வாங்கினேன். நீ கனமாக்கிடாதே."

"எங்கே போற?"

"ஆத்துக்கு மேலே. பஹியா நெக்ரா வரைக்கும்."

அவன் குவளையைக் கீழே வைத்தான். சுனில்டா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். குவாரனியில் பேசுகிறவர்கள் சொல்வதை அப்படியே எழுதி, ஸ்பானிஷிலும் எழுதித் தருவது அவள் வேலை. இந்த வருஷம் ஒரு நீதிபதி படகிலேயே ஆற்றோர ஊர்களுக்குப் போய், பிறப்புப் பதிவு, பிள்ளை யாரிடம் வளர்வது, வேலித் தகராறு என்று சின்ன வழக்குகளை அங்கேயே தீர்த்துவைப்பதாக ஏற்பாடு. யாரும் போக விரும்பாத வேலை. இவள் தானாகக் கேட்டு வாங்கியிருந்தாள்.

எலாதியோ எழுந்து அலமாரியைத் திறந்தான். விசிறி வைத்த தட்டு, தனிக் கீபோர்டு, வட்ட விளக்கு, குட்டி ஸ்பீக்கர், கேமரா என்று ஒவ்வொன்றாக எடுத்து அவள் முன்னால் அடுக்கினான்.

"எலாதியோ, நான் வாக்குமூலம் எழுதப் போறேன். யார் கல்யாணத்துக்கும் பாட்டுப் போடப் போகல."

"விசிறி வேணாமா? அங்கே வெயில் தெரியுமா உனக்கு?"

"எனக்கே விசிறி கிடையாது. இதுக்கு எதுக்கு?"

அவன் சிரித்துவிட்டான். அடுக்கியதைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, இந்தத் தடவை டாக்டர் மாதிரி கேட்க ஆரம்பித்தான். படகில் கரண்டு எப்படி? சாயங்காலம் ஜெனரேட்டர் ஓடும், மற்ற நேரம் கிடையாது. அப்படியானால் லேப்டாப்பையே சார்ஜ் செய்யக்கூடிய பெரிய பவர் பேங்க் ஒன்று. ஜெனரேட்டர் கரண்டு ஏறும் இறங்கும். அதைத் தாங்கி நிற்கிற பிளக் ஒன்று. போனுக்கும் லேப்டாப்புக்கும் பொதுவாக ஒரே சார்ஜர். என்ஜின் அதிர்வில் விரலை வைத்துத் தடவிக்கொண்டிருக்க முடியாது, அதனால் ஒரு மவுஸ், வயர் உள்ளதாக. பிரின்டர்?

"ஆபீஸ் பிரின்டர் ஒண்ணு வருது. பழசு. தடிமனான வயர்."

"உன் சிலேட்டில் அதுக்கு ஓட்டையே இல்லையே." ஒரு சின்ன இணைப்புப் பெட்டியை எடுத்துப் போட்டான். "இது இல்லாம போயிருந்தா அங்கே போய் அழுதிருப்ப."

"அழுதிருக்க மாட்டேன். உன்னைத் திட்டியிருப்பேன்."

கடைசியாக, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பை ஒன்றும், புது ஷூ பெட்டிகளில் கிடக்குமே, ஈரம் உறிஞ்சுகிற அந்தப் பொட்டலங்கள் ஒரு கைப்பிடியும். அவ்வளவும் சேர்த்துத் தூக்கிப் பார்த்தாள். தோள் தாங்கும்.

சாஃப்ட்வேர் விஷயத்தில் அவளுக்கு ஒரே நிபந்தனை: இன்டர்நெட் இல்லாமல் ஓட வேண்டும். அவன் எழுதுவதற்கு ஒன்று, ஆற்றின் வரைபடம், இரண்டு அகராதிகள் எல்லாம் போட்டான். குவாரனி எழுத்துகளை அடிக்கத் தனிக் கீபோர்டு அமைப்பு வைத்தான். வாக்குமூலங்கள் அந்நியர் கண்ணில் படக்கூடாது என்று டிஸ்க் முழுவதையும் பூட்டினான். பாஸ்வேர்டு போடும் இடம் வந்ததும் மெஷினை அவள் பக்கம் திருப்பிவிட்டு, "நீயே அடி" என்று ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டான். சுனில்டாவுக்கு அது பிடித்திருந்தது. மனுஷன் மாறியிருக்கிறான் என்று நினைத்தாள்.

"இதெல்லாம் முழுசா ஏற நேரமாகும். விட்டுட்டுப் போ, சாயங்காலம் எடுத்துக்க," என்றான். அவளும் மெஷினைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து திறந்தபோதுதான் பார்த்தாள். திரையின் கீழ் ஓரத்தில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன நீலப் படம். அழுத்தினாள். ஒரு கட்டம் விரிந்தது. 'எலாதியோ - கடை. எந்த நேரமும் அனுமதி உண்டு.' கடையில் உட்கார்ந்தபடியே அவள் திரையை அவன் பார்க்கலாம், கையாளலாம். அவள் சரி என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அவளுக்குக் காது சூடேறியது. பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. கல்யாணமான காலத்தில் ஒரு நாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. என்கார்னசியோனில் ஒரு நல்ல வேலை. அவன் எடுத்துப் பேசி, அவ்வளவு தூரம் அவளால் வர முடியாது என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டான். அவளுக்கு அலைச்சல் மிச்சம் என்று நிஜமாகவே நம்பினான். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவளிடம் சந்தோஷமாகச் சொன்னான்கூட. அதற்குப் பிறகு அவர்கள் பிரிய வெகு நாளானது. ஆனால் அவள் மனசு அன்றைக்கே கிளம்பிவிட்டது.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே போய் நின்றாள். மெஷினைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினாள்.

"இது என்ன?"

அவன் முகம் சுருங்கியது. "நீ மாட்டிக்கிட்டா உதவிக்கு. அங்கே யார் இருக்கா உனக்கு?"

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப."

"அப்போ பதில் உனக்குத் தெரிஞ்சிருக்கு."

கீழே தெருவில் சிப்பா ரொட்டி விற்கிறவள் கூவிக்கொண்டு போனாள். அவன் மெஷினை இழுக்கக் கை நீட்டினான்.

"எடுத்துடறேன், கொடு."

"நீ எடுக்க வேணாம். எப்படி எடுக்கறதுன்னு சொல்லு. நான் எடுக்கறேன்."

அவன் எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டான். நின்றபடி சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொன்றாக அழுத்தி அந்தப் புரோகிராமை எடுத்தாள். நீலப் படம் போய்விட்டது. எழுந்தபோது கோபமும் பாதி போயிருந்தது. அவன் சங்கடத்தோடு தெரெரே குவளையில் குளிர்ந்த நீர் ஊற்றி நீட்டினான். வாங்கி உறிஞ்சினாள்.

"ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்ணுவ?"

"கேப்பேன். எனக்கு வாய் இருக்கு. கேட்டாச் சொல்லு. கேட்காட்டிச் சும்மா இரு."

"சும்மா இருக்கறது எனக்குக் கஷ்டம், சுனில்டா."

"தெரியும். ஆறு வருஷமாத் தனியாத்தானே இருக்க, பழகலையா?"

ஆற்றோர ஊரான கான்செப்சியோனில் சுனில்டாவும் நீதிபதியும் படகு ஏறினார்கள். நீதிபதி ரோலோன் அம்மாள் குள்ளமாக, வைக்கோல் தொப்பி வைத்துக்கொண்டு, வேலை இல்லாத நேரத்தில் தூண்டில் போடுகிறவர். ஆற்றில் ஆகாயத்தாமரைத் திட்டுகள் எதிரே மிதந்து வந்தன. மணல்மேட்டில் முதலைகள் வாயைத் திறந்தபடி கிடந்தன. மவுஸ் இல்லாமல் அந்த அதிர்வில் ஒரு வரி எழுதியிருக்க முடியாது என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்டாள். பவர் பேங்க் பகல் முழுக்கக் கைகொடுத்தது.

ஒலிம்போ துறையில்தான் சிக்கல் வந்தது. ஒரு பாட்டி வந்திருந்தாள். மகள் வேலைக்கு என்று பிரேசில் பக்கம் போய்விட்டாள். பேரன் இவளிடம் வளர்கிறான், அவனைப் பள்ளியில் சேர்க்கத் தாளில் ஒப்புதல் வேண்டும். 'இப்போது என்னோடு சாப்பிடுகிறான், இப்போது என்னோடு தூங்குகிறான்' என்று அவள் குவாரனியில் சொல்லிக்கொண்டே போனாள். சுனில்டா ஒரு சொல் விடாமல் அடித்தாள். பிரின்டரிலிருந்து தாள் வந்தது. 'இப்போது' என்று வருகிற இடமெல்லாம் சொல்லின் நடுவே ஒரு வெற்றுக் கட்டம். குவாரனியில் அந்தச் சொல்லுக்குள் தலையில் நெளிவு போட்ட ஒரு எழுத்து உண்டு. திரையில் அழகாகத் தெரிந்தது. பிரின்டருக்கு அது தெரியவில்லை.

நீதிபதி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது என்னம்மா, இவ்வளவு ஓட்டை? இப்படி இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாதே."

"கொஞ்சம் இருங்கம்மா. பார்க்கறேன்."

எழுத்துரு மாற்றிப் பார்த்தாள். கட்டம் போகவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினாள். பாட்டி பொறுமையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பேரனோடு மதியப் படகில் ஊர் திரும்ப வேண்டும் என்று ஒரு தடவை மட்டும் மெதுவாகச் சொன்னாள். சுனில்டா போனை எடுத்துக்கொண்டு கரையேறி, சிக்னல் கிடைக்கிற மேடு வரைக்கும் நடந்தாள்.

இரண்டாவது மணியிலேயே எலாதியோ எடுத்தான். அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு, "சொல்லட்டுமா?" என்றான்.

"சொல்லத்தானே கூப்பிட்டேன்!"

"பிரின்டர் தன்னோட எழுத்தைப் போட்டுக்குது. நீ எழுதினதை முதல்ல பி.டி.எஃப். ஆக்கு. அச்சடிக்கிற இடத்தில், மேம்பட்டதுன்னு ஒரு பொத்தான் இருக்கும். உள்ளே போனா, படமா அச்சிடுன்னு ஒரு கட்டம். அதில் டிக் போடு. அப்புறம் அது எழுத்தைப் பார்க்காது, படத்தைத்தான் பார்க்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டது அவளுக்குக் கேட்டது. "சரி, போ. வேலையைப் பாரு," என்றான்.

தாள் முழுசாக வந்தது. கட்டம் ஒன்றுகூட இல்லை. நீதிபதி கையெழுத்துப் போட்டார். சுனில்டா அதைப் பாட்டிக்குக் குவாரனியில் வாசித்துக் காட்டினாள். பாட்டி தன் சொற்களைத் தானே கேட்டு, ஒவ்வொரு வரிக்கும் "ஆமா, அப்படித்தான் சொன்னேன்" என்று தலையாட்டினாள். தாளை மடிக்க மனசில்லாமல் விரித்தபடியே பிடித்துக்கொண்டு, பேரன் கையைப் பற்றிப் படகுத்துறைக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு எலாதியோ கூப்பிடவில்லை. சரியாயிற்றா என்று ஒரு வரி செய்தியும் அனுப்பவில்லை. முதல் இரண்டு நாள் சுனில்டா அதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் கவனித்தாள். கடையில் உட்கார்ந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக அவன் படுகிற பாட்டை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனைப் பொறுத்தவரை அது மலையைத் தூக்குகிற வேலை.

பஹியா நெக்ராவில் கடைசி வழக்கும் முடிந்த சாயங்காலம், நீதிபதி அம்மாள் பிடித்த மீனைப் படகுக்காரர் வறுத்துக்கொண்டிருந்தார். சுனில்டா தளத்தில் நின்று போன் போட்டாள்.

"என்ன ஆச்சு?" என்றான் எலாதியோ பதறி. "பிரின்டரா? சார்ஜரா?"

"ஒண்ணும் ஆகல."

"பின்னே?"

"சும்மாதான். இங்கே எதிர்க்கரையில் பெரிய நாரை ஒண்ணு நிக்குது. கழுத்தில் சிவப்புப் பட்டை. ஆள் உயரம் இருக்கும். ரொம்ப நேரமா அசையவே இல்ல."

என்ன செய்ய வேண்டும், எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தேடுகிறான் போலிருந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"மீன் பிடிக்குதா?"

"இன்னும் இல்ல. பார்த்துக்கிட்டே இருக்கேன்."

"சரி," என்றான் அவன். "பிடிச்சதும் சொல்லு."