கட்டிலிலிருந்து கதவு வரை

1

இந்தக் கதை விளம்பரமாகத்தான் பிறந்தது, மறைப்பானேன்? சென்னையில் ஒரு கல்லூரி, உள் அலங்கார வடிவமைப்புக்கு மூன்று வருடப் பட்டம் கொடுக்கிறது. (பெயர் வேண்டாம். நாளைக்கும் அவர்கள் என்னைக் கூப்பிட வேண்டும்.) சேர்க்கைப் புத்தகத்துக்கு, படித்து முடித்த ஒருவரின் வெற்றிக் கதை ஒரு பக்கம் வேண்டுமாம். வேலைவாய்ப்புப் பிரிவின் சொக்கலிங்கம் சார் போனில் உருகினார்.

“மேடம், நம்ம ருக்குன்னு ஒரு பொண்ணு. அந்தமானுக்கும் கீழ, கேம்பல் பே. சுனாமில அம்மாவப் பறிகொடுத்துட்டு வந்து படிச்சுது. இப்ப பெரிய டிசைனர். படிக்கிறவங்க அழுதுடணும், அப்படி எழுதுங்க.”

சரி, அழவைத்துவிடலாம் என்று ருக்குவுக்குப் போன் போட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் காதிலிருந்து போனை எடுத்துவிட்டேன்.

“பெரிய டிசைனரா? நானா? அக்கா, நான் இன்னும் ட்ரையல்லதான் இருக்கேன். வெள்ளிக்கிழமை தெரிஞ்சிடும். நான் போடற படம் ஓகே ஆச்சுன்னா வேலை. ஆகலன்னா ஊருக்குக் கப்பல். அவ்ளோதான்.”

வெற்றி இல்லாமல் வெற்றிக் கதை எப்படி எழுதுவது? அந்தப் பக்கம் அப்படியே நின்றுபோனது. அதற்குப் பதிலாக நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

2

முதல் தொடக்கம்: ‘அந்த டிசம்பர் காலையில் பத்து வயது ருக்கு கண் விழித்தபோது பூமி—’

இதை அவளிடமே வாசித்துக் காட்டினேன். தீவு இந்தி கலந்த தமிழில் பதில் வந்தது.

“அரே, அத விடுங்கக்கா. எல்லாரும் அங்கேருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. காலேஜ்ல சேர்ந்த அன்னிக்கே ‘சுனாமிப் பொண்ணு’ன்னு பேரு வெச்சுட்டாங்க. மத்லப், அதாவது எனக்கு வேற ஒண்ணுமே நடக்கலயா?”

நியாயம்தான். விட்டுவிட்டேன். (பூமி அந்த வாக்கியத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. கிடக்கட்டும்.)

இரண்டாம் தொடக்கம், கொஞ்சம் கட்டுரை வாடையோடு: ‘உள் அலங்காரம் படித்தவர்கள் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறார்கள்?’ ருக்குவின் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். பானு ஒரு சோபாக் கடையில் நிற்கிறாள். வாடிக்கையாளரின் பிள்ளைகள் சோபாவில் ஏறிக் குதிக்காமல் பார்த்துக்கொள்வதே பாதி வேலை. ஜெயராணி வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். இன்னொருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. புகுந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட மாமியாரைக் கேட்க வேண்டும். கல்லூரிக் கணக்கில் அத்தனை பேரும் ‘பணியில் அமர்ந்தவர்கள்’. ருக்குவும் ஏற்கெனவே அமர்ந்துவிட்டாள், பாவம், அவளுக்கே தெரியாமல். கல்லூரியை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. ஒழுங்காகக் கோடு போடச் சொல்லிக்கொடுத்ததும் அவர்கள்தான்.

ஊருக்கே திரும்பிவிடலாமே என்றால், அதற்கும் பதில் இருந்தது. அவள் அப்பா குழந்தைவேலு, வேலூர்ப் பக்கத்திலிருந்து நிக்கோபாரில் குடியேறிய ஒரு பட்டாளக்காரரின் மகன். அலைக்குப் பிறகு பல வருடம் தகரக் கொட்டகை. அப்புறம் அரசாங்கம் வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று. மகள் வேலைக் கவலையைச் சொன்னபோது மனுஷன் சொன்னார்:

“இங்க வந்து இன்னா பண்ணுவ? நம்ம ஊர்ல எல்லா வூடும் ஒரே அளவு. ஒரு வூட்டுக்கு வரைஞ்சுட்டா ஊருக்கே ஆச்சு. அப்பால சும்மா குந்திகினு இருக்கணும்.”

சிரிக்கத்தான் சொன்னார். இந்த வேலை கிடைக்காவிட்டால் அவளுக்கு இந்தத் தொழிலே இல்லை என்பதும் அதில் இருந்தது.

3

இனி நடந்தது. அவள் பயிற்சியில் இருந்தது அலமாரியும் சமையலறை அடுக்குகளும் செய்து பொருத்தும் ஒரு நிறுவனம். முதலாளி திருநாவுக்கரசு. (முதல் வரைவில் அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. தினமும் எல்லோருக்கும் தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுக்கிறவர்.)

திங்கட்கிழமை அவர் ருக்கு வரைந்த படங்களை எல்லாம் மேசைமேல் பரப்பினார். கல்லூரியில் போட்டது, இங்கே வந்து போட்டது, எல்லாம்.

“இங்க பாரும்மா. எல்லா பெட்ரூம்லயும் கட்டில்லேருந்து கதவு வரைக்கும் நேரா ஒரு பாதை. வெறும் தரை. ஒரு ஸ்டூல்கூட இல்ல. யாரு சொல்லிக் கொடுத்தா?”

ருக்கு பார்த்தாள். பெரிய வீடு, சின்ன வீடு, விடுதி அறை, எதுவானாலும் அந்தப் பாதை இருந்தது. அவள் கைதான் விட்டிருக்கிறது. இந்த நிமிடம் வரை அவளுக்கே தெரியாது.

“நாம விக்கிறதே அலமாரிம்மா. அந்த எடத்துல தரையிலேருந்து மேல வரைக்கும் ஒரு அலமாரி நிக்கணும். வெள்ளிக்கிழமை கஸ்டமர் வர்றாங்க. மாத்திக் கொண்டா, உன் வேலைய உறுதி பண்ணிடறேன். உனக்கு நல்ல கை.”

அவள் மாற்ற உட்கார்ந்தாள். செவ்வாயும் போனது, புதனும் போனது. அலமாரியை அங்கே வைத்தால் மூச்சு முட்டியது, எடுத்தால்தான் நிம்மதி. ஒரு மரப்பெட்டிக்கு இவ்வளவு அழிச்சாட்டியமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

4

காரணம் வேண்டுமே. எழுதுகிறவளுக்குக் காரணம் இல்லாமல் தூக்கம் வராது. நானே ஒன்றைச் செய்தேன்: ‘நிலம் குலுங்கியபோது பீரோ சரிந்து கதவை அடைத்துக்கொண்டது. உள்ளே அம்மா—’

“எங்க வீட்ல பீரோவே கிடையாதுக்கா,” என்றாள் ருக்கு. “துணியெல்லாம் கொடியில கிடக்கும். அம்மா அப்ப தோட்டத்துல இருந்தாங்க. கதவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. பிறகு அவளாகவே சொன்னாள்: தகரக் கொட்டகையில் படுக்கப் போகும் முன் அப்பா தினமும் தரையைச் சுத்தமாக்குவார். செருப்பு, குடம், அவள் புத்தகப் பை, எல்லாம் ஓரத்துக்குப் போகும். பாயிலிருந்து கதவு வரை எதுவும் இருக்கக் கூடாது. மறுபடி தண்ணீர் வந்தால் ஓடுவதற்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கேட்டதே இல்லை.

“இப்ப கேளேன்,” என்றேன்.

வியாழக்கிழமை மதியம் கேட்டாள். கேம்பல் பேயில் காற்று அடித்தால் லைன் போய்விடும்; அன்றைக்குப் போகவில்லை. குழந்தைவேலு முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு சொன்னார்.

“தண்ணிக்கு இல்லம்மா. உனக்கோசரம்தான். நீ தூக்கத்துல எழுந்து ஓடுவ. கண்ணு மூடிதான் இருக்கும். கால் தடுக்கி வுழுந்துட்டா?”

“நானா? எனக்கு ஞாபகமே இல்லப்பா. என்னப் புடிச்சு நிறுத்தியிருக்கலாம் இல்ல?”

“புடிச்சா நீ பயந்துகினு கத்துவ. அதான் வழிய வுட்டுட்டேன். நான் கதவண்ட படுத்துக்குவேன். நேரா ஓடியாந்து என் மேல வுழுவ. அப்டியே தூங்கிடுவ. காலைல நீ எழுந்துக்கறதுக்குள்ள தூக்கியாந்து பாயில போட்டுடுவேன்.”

ருக்கு அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். துக்கத்தில் இல்லை என்று என்னிடம் சத்தியம் செய்தாள். அப்பாவை உடனே பார்க்க வேண்டும் போல் இருந்ததாம், அவ்வளவுதானாம். எழுதும்போது நானும் அழுதேன். சொக்கலிங்கம் சார் கேட்டது கடைசியில் நடந்தேவிட்டது.

5

முடிவுகள்.

(அ) அலமாரியை வைக்கிறாள். வேலை கிடைக்கிறது. அப்பாவை ஒரு மாதம் சென்னைக்கு அழைத்து வருகிறாள். நல்ல முடிவுதான், அந்த அலமாரியை அவள் எந்த முகத்தோடு வரைந்தாள் என்று மட்டும் எனக்கு எழுத வரவில்லை.

(ஆ) மறுக்கிறாள். கப்பல் அந்தமானின் ஃபீனிக்ஸ் பே துறையை விட்டுத் தெற்கே, கேம்பல் பேக்கு— இல்லை. இதை எழுத எனக்குத் தைரியம் இல்லை. அவள் அந்தத் தொழிலை நேசிக்கிறாள்.

(இ) காரணத்தைக் கேட்டு முதலாளி மனம் மாறுகிறார். அவரும் கடை நடத்த வேண்டும் அய்யா.

ஆக, வெள்ளிக்கிழமைக்கே போகலாம். அலுவலகம். திருநாவுக்கரசு டீ ஊற்றுகிறார். ஒரு கோப்பை உங்களுக்கு. ஆமாம், அந்த வாடிக்கையாளர் நீங்கள்தான். புது வீடு வாங்கியிருக்கிறீர்கள். ருக்கு படத்தை விரிக்கிறாள். கட்டில் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, கதவு இருக்கிறது. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் ஓர் அலமாரியைப் பென்சிலில் லேசாக, புள்ளி புள்ளியாகப் போட்டிருக்கிறாள். ஒரு கையில் பேனா, ஒரு கையில் ரப்பர். உங்கள் வாயிலிருந்து வருவதில்தான் அவள் வேலை இருக்கிறது. முதலாளியும் உங்களைத்தான் பார்க்கிறார்.

அவள் நிறம் கேட்கவில்லை, மரம் கேட்கவில்லை. எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தராத ஒன்றைக் கேட்கிறாள்.

“உங்க வீட்ல கதவுப் பக்கம் யாரு படுப்பாங்க?”

சொல்லுங்கள்.