எடை குறையாத விசை

மனைவியின் கைத்துப்பாக்கி விசையில் ஒரு அவுன்ஸ் எடைகூடக் குறைக்காமல், அதன் பாரத்தில் பாதியை மட்டும் கழற்றி எறிந்துவிட்டதாக மெர்ல் ஹாஸ்கெட் அறிவித்தபோது, சுடுகளத்துக் கொட்டகையில் இருந்த பதினான்கு பேரும் பரிட்டோ ரொட்டிச் சுருளைக் கடிப்பதை நிறுத்தினார்கள். பச்சை மிளகாய்க் குழம்பு ஒருவர் மீசையிலேயே காய்ந்துபோகும் அளவுக்கு அமைதி.

"அரம் வைக்கல. ஸ்பிரிங் மாத்தல. பிரிச்சேன், அழுக்கைத் துடைச்சேன், ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். அப்புறம் காலித் துப்பாக்கியை பதினோராயிரம் தடவை அமுக்கினது. அவ்வளவுதான்" என்றார் மெர்ல்.

எலாய் த்ருஹியோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். துப்பாக்கி உரிமம் புதுப்பிக்க வருகிறவர்களைச் சுடச் சொல்லிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். மெர்ல் கிணறு தோண்டி ஓய்வுபெற்றவர். தான் போட்ட ஆழ்துளையில் ஒருமுறை மீன் வந்ததாகவும், அது வெந்தே வந்ததாகவும் சொன்ன மனுஷன். அவர் "அரம் வைக்கல" என்றால் அரத்தை எங்கே ஒளித்தார் என்றுதான் தேட வேண்டும்.

எலாயின் பயத்துக்குக் காரணம் இருந்தது. நாலு வருஷம் முன்னால் ஒருத்தன் விசை லேசாகட்டும் என்று ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டிவிட்டு வந்தான். எலாய் அதைத் திறந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் உறையில் செருகும்போது அது தானாக வெடித்து அவன் பூட்ஸ் குதிகாலைக் கொண்டுபோனது. மெர்ல் கணக்கில் அந்தக் குதிகால் இன்னும் வானத்தில் போய்க்கொண்டிருக்கிறது. எலாய்க்கு அது வேடிக்கையாக இல்லை.

இன்று வந்திருப்பவள் நடீன், மெர்லின் மனைவி. வயது எழுபத்தொன்று, விரல் மூட்டுகளில் வாதம். ஏரிக்கரையில் தூண்டில் கடையை விடியுமுன் தனியாகத் திறக்கிறவள். இரண்டு முறை கடைக்குள் திருடர்கள் புகுந்திருக்கிறார்கள். போன மாதம் அந்தச் சின்னத் துப்பாக்கியின் விசையை இழுக்க முடியாமல் கை நடுங்கி, குண்டெல்லாம் இடப்பக்கம் மண்ணுக்குப் போயிற்று. இன்றும் தேறாவிட்டால் உரிமம் போச்சு.

"குடு இப்படி" என்றார் எலாய்.

"மெதுவா எடு எலாய், கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார் மெர்ல்.

"நீ வாயை மூடினா அதுவே பெரிய உதவி."

தோட்டாப்பெட்டியைக் கழற்றி, குண்டு ஏறும் அறைக்குள் பார்த்து, பார்த்தது போதாமல் சுண்டுவிரலையும் விட்டுத் தடவினார். பிறகு குழல் முனையை மண்மேட்டைப் பார்க்க வைத்து, விசையில் தராசின் கொக்கியை மாட்டி இழுத்தார். ஐந்தரை பவுண்டு. இரண்டாம் தடவையும் ஐந்தரை. கம்பெனியிலிருந்து வரும் அதே எடை.

சந்தேகம் கூடியது. தராசு கெட்டிருக்கும் என்று பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதுவும் ஐந்தரை. ஆனால் வெறும் விரலால் இழுத்தால், வழக்கமான அந்த மணல் அரைக்கிற உணர்வு இல்லவே இல்லை.

"என்னமோ பண்ணியிருக்கே."

"சொன்னேனே."

"நீ சொன்னதாலதான் சந்தேகமே."

துப்பாக்கியைப் பிரித்தார். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். உள்ளே விசையைப் பிடித்து நிறுத்தும் கொக்கி முனைகள் கூர்மையாக, கம்பெனிப் பூச்சோடு இருந்தன. அரக்கீறல் ஒன்றில்லை. இரும்போடு இரும்பு உரசும் ஒரே ஒரு இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. பூட்டி, ரப்பர் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டினார். விசை தானாக விடுபடவில்லை.

அப்போதுதான் மெர்லின் கையைப் பிடித்துத் திருப்பினார்.

"இது பதினோராயிரம் தடவை அமுக்கின விரலா? பச்சக்கொழந்தை விரல் மாதிரி இருக்கு. யாரை ஏமாத்தறே?"

கொட்டகை சிரித்தது. மெர்ல் தன் தொப்பியை ஆராய்ந்தார்.

"நான் அமுக்கினேன்னு எப்பய்யா சொன்னேன்?"

நடீன் எழுந்து வந்து வலது ஆள்காட்டி விரலை எலாயின் முகத்துக்கு நேராக நீட்டினாள். நுனியில் பட்டாணி அளவுக்குக் காய்த்திருந்தது.

"இவரு இருபதாவது தடவையிலேயே தூங்கிட்டாரு. நான் தெனம் நானூறு. குண்டெல்லாம் கராஜுல வெச்சுப் பூட்டிட்டு, போலித் தோட்டாவைப் போட்டு, சுவத்துல ஒட்டின காகிதத்தைப் பாத்து. டிவியில பேஸ்பால் நடுவுல விளம்பரம் வர்றப்பல்லாம் கைக்கு ஓய்வு."

எலாய் அந்த விரலைப் பார்த்தார். பேனாவைத் தொடவில்லை.

"அந்தத் துப்பாக்கியில சுட வேணாம். இதுல சுடு." கிளப்பின் அதே ரகத் துப்பாக்கியை எடுத்தார். புதுசு, யாரும் தொடாதது, மணல் லாரி மாதிரி விசை. "விசை பண்ற வேலையா, வேற ஏதாவதான்னு தெரியட்டும்."

"அது அநியாயம்" என்றார் மெர்ல். முதல் தடவையாக அவர் குரலில் அலங்காரம் இல்லை.

"இருக்கட்டும்" என்று நடீன் காதடைப்பானை மாட்டினாள்.

இருபத்தைந்து குண்டு. எலாய் அவள் தோளுக்குப் பின்னால் நின்று அந்த விரலை மட்டுமே பார்த்தார். அவசரமில்லாமல் அழுத்தியது, அவசரமில்லாமல் திரும்பியது. கை நடுங்கவில்லை. அட்டையைக் கொண்டுவந்தபோது இருபத்துமூன்று ஓட்டைகள் ஒரு டார்ட்டியா ரொட்டி அகலத்துக்குள் கிடந்தன. பிறகு அவளுடைய துப்பாக்கியில் சுடச் சொன்னார். இருபத்தைந்தும் உள்ளங்கை அளவில்.

பதினான்கு பேரும் எலாயைப் பார்த்தார்கள். மெர்ல் மறுபடி தன் தொப்பியை ஆராய்ந்தார். அதையும் எலாய் சந்தேகத்தோடுதான் கவனித்தார்.

தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார்.

"ட்ரிகர்ல எடை குறையல. பாரம் போயிருக்கு. பதினோராயிரமும் நடந்திருக்கு" என்றார். "ஆனா மெர்ல் பொய் சொல்லலைன்னு நான் சொன்னதா வெளியில யாரும் பேசாதீங்க."