கிரேன் அண்ணி

என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு எங்கள் சலவைக்கூடத்தில் 'கிரேன்' என்று பெயர். நாலு பேர் தள்ளுகிற ஈரத்துணி வண்டியை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு போவாள். மறுகையில் விரித்த புத்தகம் இருக்கும், எல்லாம் எந்திரங்களைப் பற்றி. மூட்டையைத் தூக்கிய கையோடு எடையைச் சொல்லிவிடுவாள். தராசில் வைத்தால் அதுவும் அதையே சொல்லும். கூடமே வாயைப் பிளக்கும். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். என் கல்யாணத்துக்கு ஒரு வளையல்கூடப் போடாத நாத்தனார் எதைத் தூக்கினால் எனக்கென்ன?

அன்று காலை பெரிய வாஷிங் மெஷின் பாதி ஓட்டத்தில் ஆட்டம் போட்டது. கூடத்துக்கு மெக்கானிக் என் வீட்டுக்காரர்தான்.

"தண்ணியோட பாத்தாத்தான் எந்தக் கால் ஆடுதுன்னு தெரியும். ரெண்டே நிமிஷம்," என்று மெஷினை நிறுத்தி, ஒரு மூலைக்கு ஜாக்கி கொடுத்து, அடியில் தலையை நுழைத்துவிட்டார். எதற்கும் பொறுமை கிடையாது அந்த மனுஷனுக்கு.

ஜாக்கி சரிந்தது.

நான் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். மெஷினின் அடிச்சட்டம் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. சாய்ந்த ஜாக்கி பாதியில் சிக்கி நின்றதால்தான் உயிர் இருந்தது. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டிருந்தது.

எந்தக் கோளாறானாலும் முதலில் தண்ணீரைத் திறந்து விடுவது எங்கள் கூடத்துப் பழக்கம். எடை குறையும் அல்லவா? யோசிக்கவேயில்லை, பாய்ந்து வடிகால் கைப்பிடியைப் பிடித்துவிட்டேன். அடுத்த நொடி என் மணிக்கட்டில் ஓர் இரும்புப் பிடி விழுந்தது.

"கையை எடு," என்றாள் அண்ணி.

"விடுங்க அண்ணி! அவரு செத்துடுவாரு!"

"தண்ணி எங்க விழும்? குனிஞ்சு பாரு."

பார்த்தேன். மெஷின் சரிந்ததில் வடிகால் குழாய் பிய்ந்து, அதன் வாய் அவர் முகத்துக்கு நேர் மேலே நின்றது. உள்ளே இருந்ததோ கொதிக்கிற தண்ணீர். கைப்பிடியை விட்டுவிட்டேன்.

மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் எதிர்ப்பக்கம் கை வைத்தார்கள்.

"யாரும் தொடாதீங்க! அந்தப் பக்கம் தூக்கினா தண்ணி மொத்தமும் இந்தப் பக்கம் சாயும். ஜாக்கி பிடுங்கிக்கும்."

சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பி சாகக் கிடக்கிறான், இவள் வேடிக்கை பார்க்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது.

"பின்னாடி டிரம்மோட சக்கரம் இருக்கு பாரு, அதைப் பிடிச்சு மெதுவா ஆட்டு," என்றாள் என்னிடம். "உன் பக்கம் ஒரு தடவை, என் பக்கம் ஒரு தடவை. தொட்டில் ஆட்டற மாதிரி."

ஆட்டினேன். உள்ளே தண்ணீர் தளும்பி எதிர்ப்பக்கம் போனது, வந்தது, போனது. அண்ணி காலை அகட்டிக் குந்தி, சட்டத்துக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தாள். தண்ணீர் எதிர்ப்பக்கம் ஏறிய நொடியில், "இப்ப!" என்று எழுந்தாள்.

மெஷின் எழுந்தது! ஒரு விரற்கடைதான். ஒருவர் மரக்கட்டையைச் செருகினார். தண்ணீர் திரும்பி வந்து மோதுவதற்குள் அவள் பாரத்தைக் கட்டையின்மேல் இறக்கிவிட்டாள். மறுபடி காத்திருந்தாள். மறுபடி எழுந்தாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது, கண் மட்டும் தண்ணீரை விட்டு அசையவில்லை. அப்படி ஒரு பலத்தையும் அப்படி ஒரு மூளையையும் ஒரே உடம்பில் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் பிழைத்துவிடுவார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மூன்றாவது தடவை எழுந்தவள் இறக்கவில்லை. "இழுங்க!" என்று கத்தினாள். காலைப் பிடித்து அவரை வெளியே இழுத்தார்கள்.

விலா எலும்பில் இரண்டு விரிசல், அவ்வளவுதான் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவர் என் கையைப் பிடித்தார். மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல் தடமும் கன்றிப்போயிருந்தது.

"என்ன இது?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "அவசரத்துல நான்தான்... கொஞ்சம் அழுத்திட்டேன்."

"உங்க அக்கா எனக்குப் போட்ட வளையல்," என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.